ஆவடிக்கு ஒரு நீதி, பூந்தமல்லிக்கு ஒரு நீதி

கட்சி மாறியவரைப் பற்றிப் பேச்சு வந்தாலே நமக்கு வாயில் வருவது ஒரே சொல்தான்: பச்சோந்தி. மீம் போடுவோம், சிரிப்போம், அடுத்ததைத் தள்ளுவோம். மாறியதற்குக் கட்சி அவருக்கு என்ன கூலி கொடுத்தது, மாறாமல் கிடந்தவருக்கு என்ன கொடுத்தது என்று கேட்க நமக்குப் பொறுமை கிடையாது.

2016 தேர்தலில் பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகளான ஆவடியிலும் பூந்தமல்லியிலும் ஜெயித்தது அதிமுக. ஆவடியில் மாஃபா பாண்டியராஜன், வெறும் 1,395 ஓட்டு வித்தியாசத்தில். பூந்தமல்லி தனித் தொகுதியில் ஏழுமலை. டிசம்பரில் ஜெயலலிதா இறந்தார். கட்சி உடைந்தது.

பள்ளிக்கல்வி அமைச்சராக இருந்த பாண்டியராஜன் ஓ.பன்னீர்செல்வம் பக்கம் போனார். 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை கோரியபோது, எதிர்த்து ஓட்டுப் போட்ட 11 அதிமுக எம்.எல்.ஏ.க்களில் அவரும் ஒருவர். கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்கு இதைவிட நேரான உதாரணம் வேண்டுமா? ஆகஸ்ட் 21-இல் அணிகள் இணைந்தன. அன்றைக்கே அவர் மறுபடி அமைச்சர்.

மறுநாள் ஏழுமலை உள்ளிட்ட தினகரன் ஆதரவாளர்கள் ஆளுநரைப் பார்த்து, முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். சபையில் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. கடிதம், அவ்வளவுதான். செப்டம்பர் 18-இல் சபாநாயகர் தனபால் 18 பேரின் பதவியைப் பறித்தார்.

சட்டப்படி இரண்டும் வேறு வேறு என்பார்கள். இருக்கட்டும். 18 பேர் வழக்கில் உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பு சொல்ல, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் சபாநாயகர் செய்தது சரி என்றார். 11 பேர் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 பிப்ரவரியில் திரும்பவும் சபாநாயகர் மேஜைக்கே வந்தது. அங்கேயே கிடந்து, 2021-இல் சபையின் ஆயுளே முடிந்துபோனது. வார்டில் கொடி கட்டுகிற தம்பி தீர்ப்பையெல்லாம் படிக்கமாட்டான். யாருக்கு என்ன ஆச்சுன்னுதான் பார்ப்பான். தலைமையோடு நாளைக்கு ராசியாகப் போகிற ஆளின் பின்னால் நின்று கலகம் பண்ணினால் அமைச்சர் பதவி, ராசியாகாத ஆளின் பின்னால் நின்றால் வீடு. பூந்தமல்லிக்காரர்களுக்கு 2019 மே வரை, இருபது மாதம், எம்.எல்.ஏ.வே இல்லை. அவர்கள் எந்த அணியில் இருந்தார்கள்?

இடைத்தேர்தலில் ஏழுமலை தினகரன் பக்கமே நின்று தோற்றார். திமுக ஜெயித்தது. 2021-இல் அதிமுக அந்தத் தொகுதியை பாமகவுக்குத் தூக்கிக் கொடுத்தது. எந்தப் பக்கமும் தாவாமல் பூந்தமல்லியில் இரட்டை இலைக்கு உழைத்தவர்களுக்குக் கிடைத்தது மாம்பழத்துக்குப் பிரசாரம் செய்யும் வேலை. (பாண்டியராஜன் அரசியலுக்கு முன் மற்றவர்களுக்கு வேலை தேடித் தரும் நிறுவனம் நடத்திப் பெயர் வாங்கியவர். பாஜக, தேமுதிக, அதிமுக என்று தன் வேலையையும் அவர் சரியாகத்தான் தேடிக்கொண்டார். சந்தையைப் படிக்கத் தெரிந்தவர்.)

திமுக மட்டும் என்ன? 2016-இல் ஆவடியில் தோற்ற நாசர் கட்சியிலேயே கிடந்தார். 2021-இல் 55,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்து அமைச்சரானார். 2023 மே மாதம் பதவி போனது, 2024 செப்டம்பரில் திரும்பி வந்தது. ஆவடிக்காரர்களைக் கேட்டா எடுத்தார்கள், கேட்டா கொடுத்தார்கள்? காத்திருந்தால் கிடைக்கும் என்பது இந்தக் கதையின் பாடம். யாருக்காகக் காத்திருப்பது என்பதில் மட்டும் சந்தேகமே வேண்டாம்.

கீழே இறங்கினால் இன்னும் மோசம். அம்பத்தூர் நகராட்சி 2011-இல் சென்னை மாநகராட்சிக்குள் போய் ஏழாவது மண்டலமானது. நகராட்சித் தலைவர் என்ற நாற்காலியே காணாமல் போனது. ஆவடி 2019-இல் மாநகராட்சி ஆனது, ஆனால் கவுன்சிலர் ஒருவர்கூட இல்லாமல். 2016 அக்டோபரில் முடிந்த உள்ளாட்சிப் பதவிக்காலத்துக்குப் பிறகு, நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். 25 வயதில் வார்டுக்கு நிற்கலாம் என்று நினைத்தவனுக்கு அப்போது 30 தாண்டிவிட்டது. அத்தனை வருஷமும் அவன் தெருக்காரர்களிடம் ஓட்டுக் கேட்கவே வாய்ப்பில்லை. மாவட்டச் செயலாளர் வீட்டு வாசலில் நிற்பதுதான் அரசியல் என்று கற்றுக்கொண்டான். வேறு என்ன கற்றிருப்பான்?

ஒருவழியாகத் தேர்தல் வந்தது. 2011-இல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த மேயரை, 2019-இல் அதிமுக அரசு கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும்படி மாற்றியது. ஆட்சிக்கு வந்த திமுக அதைத் தொடவில்லை. ஏன் தொட வேண்டும்? ஆவடியில் 48 வார்டில் மக்கள் ஓட்டுப் போட்டார்கள், மேயர் வேட்பாளர் பெயர் கட்சித் தலைமையிலிருந்து வந்தது. அந்த மார்ச்சில் பல ஊர்களில் கூட்டணிக்கு ஒதுக்கிய பதவிகளில் திமுக கவுன்சிலர்களே போட்டியிட்டு ஜெயித்தார்கள். விசிகவுக்கு ஒதுக்கிய இடங்களையும் பறித்தார்கள் என்பதால் எனக்கு அவர்கள் மேல் துளியும் பரிதாபம் இல்லை. ஆனால் அவர்களை ராஜினாமா செய்யச் சொல்லி அறிக்கை வந்ததைக் கவனியுங்கள். சபைக்குள் நடந்த தேர்தலின் முடிவை மாற்றச் சொல்லும் அதிகாரம் கட்சி அலுவலகத்தில் இருக்கிறது.

சட்டத்தைத் திருத்த வேண்டும். நம்பிக்கை வாக்கெடுப்பு தவிர மற்றதில் உறுப்பினரைக் கொறடா கட்டக் கூடாது, தகுதி நீக்கத்தைச் சபாநாயகர் கையில் விடக் கூடாது. அது டெல்லி வரை போகிற வேலை. இங்கேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2021 தேர்தலுக்கு விருப்ப மனு போட திமுக வாங்கிய கட்டணம் 25,000 ரூபாய். அந்தப் பணத்துக்கு, சீட் ஏன் இல்லை என்று நாலு வரி எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். கட்சிக்காரர்களே கேட்கலாம்.