இடியப் போகும் வாடகை வீடு! பக்கத்து வீட்டுக்காரருக்கு வழி என்ன?

தஞ்சாவூர்:-

தஞ்சை நகரின் பழைய வீதிகளில் எப்போது விழுமோ என்ற நிலையில் வாடகை வீடுகள் நிற்கின்றன. சிலவற்றில் குடித்தனக்காரர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். சில வீடுகள் காலியாகி, பூட்டு துருப்பிடித்துக் கிடக்கின்றன.

வீட்டுக்காரர் கண்டுகொள்வதில்லை. குடித்தனக்காரர் வாய் திறப்பதில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவர் பக்கத்து வீட்டுக்காரர்!

கேட்டால், "உன் வீடா? உன் வேலையைப் பாருய்யா" என்று பதில் வருகிறது. கேட்காமல் விட்டால் சுவர் தலையில் விழும்.

பக்கத்து வீட்டுக்காரர் கேட்க முடியுமா? முடியும். சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் பலர் தட்டுகிற கதவுதான் தவறு.

8 பேரை விழுங்கிய கட்டிடம்

இது வீண் பயம் அல்ல. டெல்டாவிலேயே நடந்திருக்கிறது.

20-10-2017 அன்று விடியற்காலை. பொறையார் அரசு போக்குவரத்துக் கழகப் பணிமனையில் ஊழியர்கள் ஓய்வறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பழைய கட்டிடம். திடீரென்று மேல்தளம் இடிந்து அவர்கள் மீது விழுந்தது. 8 பேர் பலியானார்கள். அப்போது நாகை மாவட்டத்தில் இருந்த பொறையார், இப்போது மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது.

அது வாடகை வீடு அல்ல. ஆனால் பழைய கட்டிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு விழுவதில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இன்னொன்று, மேட்டுப்பாளையம் அருகே நடூர். 2-12-2019 அன்று கொட்டும் மழையில், விடியும் முன்பே ஒரு தனியார் மதில் சுவர் சரிந்து பக்கத்து வீடுகள் மீது விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் செத்துப்போனார்கள். அந்தச் சுவர் ஆபத்தானது என்று முன்பே சொல்லியிருந்ததாக ஊர்மக்கள் கதறினார்கள்.

செத்தவர்கள் யாரும் சுவருக்குச் சொந்தக்காரர்கள் அல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர்கள்!

ஏன் பாழாகிறது?

தஞ்சை, கும்பகோணம், திருவையாறு பக்கத்துப் பழைய வீடுகள் செங்கல், சுண்ணாம்புக் காரை, தேக்கு உத்தரம், நாட்டு ஓடு கொண்டு கட்டியவை. கவனித்துக்கொண்டால் தலைமுறை தலைமுறையாக நிற்கும். கவனிக்காவிட்டால் சில மழைக்காலமே போதும்.

ஒரு ஓடு நழுவினால் அந்த இடத்தில் தண்ணீர் இறங்கும். உத்தரம் ஊறும். கரையான் ஏறும். சுவர் வயிறு தள்ளும். சுவர் இடுக்கில் ஆலும் அரசும் முளைத்து, வேர் விட்டுக் காரையைப் பிளக்கும்.

அடுத்தடுத்து ஒட்டிய வீடுகளில் பல இடங்களில் இரண்டு வீட்டுக்கும் ஒரே பொதுச்சுவர். ஒரு வீடு நனைந்தால் அடுத்த வீடும் நனையும்.

இது வீட்டுக்காரர்களுக்குத் தெரியாதா? தெரியும். பிறகு ஏன் செய்வதில்லை?

அப்பா காலத்து வீடு. அண்ணன் சென்னையில். தம்பி வெளிநாட்டில். தங்கை திருச்சியில். பாகப்பிரிவினை ஆகவில்லை. வீட்டில் எல்லோருக்கும் பங்கு உண்டு. செலவு என்று வந்தால் யாருக்கும் பங்கு இல்லை!

கோவில் இடத்தில் இருக்கும் வீடுகளில் இன்னொரு சிக்கல். அடிமனை கோவிலுக்கு. மேலே இருக்கும் வீடு தனியாருக்கு. அதிலும் ஒருவர் குடித்தனம் இருப்பார். சுவர் சாய்ந்தால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவார்.

மூவரும் மவுனம்

குடித்தனக்காரர் ஏன் புகார் செய்வதில்லை? வாடகை குறைவு. "ஆபத்தான கட்டிடம், உடனே காலி செய்" என்று அதிகாரி எழுதிவிட்டால் அவர் எங்கே போவார்? இந்த வாடகைக்கு வேறு வீடு கிடைக்காது. அதனால் ஒழுகும் இடத்தில் அண்டாவை வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்.

வீட்டுக்காரர் கணக்கே வேறு. வருகிற வாடகை ஓடு மாற்றவும் பத்தாது. காலி செய்யச் சொன்னால் வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். சுவர் விழட்டும், ஆள் தானாகப் போய்விடுவான் என்று காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். கோர்ட்டு செய்யாததை மழை செய்து கொடுக்கட்டும் என்கிற கணக்கு!

பக்கத்து வீட்டுக்காரரோ "நமக்கேன் வம்பு, தெருவிலே முகம் பார்க்க வேண்டாமா" என்று பேசாமல் இருக்கிறார்.

வாடகைச் சட்டம் போதாது

1960-ம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 22-2-2019 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. யார் எதைப் பழுது பார்ப்பது என்றும் பிரித்துச் சொல்கிறது.

சுவர், கூரை போன்ற கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, மின் ஒயர் வேலை எல்லாம் வீட்டுக்காரர் தலையில். குழாய் வாசர், சுவிட்சு, பூட்டு, சாக்கடை அடைப்பு போன்ற சில்லறை வேலைகள் குடித்தனக்காரர் பொறுப்பு. கட்டுமானம் கெட்டதே குடித்தனக்காரரால் என்றால் அது வேறு விஷயம்.

நல்ல சட்டம்தான். ஆனால் இது இரண்டே பேருக்கு இடையிலான சட்டம். பக்கத்து வீட்டுக்காரருக்கு இதில் இடம் இல்லை. வாடகை அதிகாரியிடம் அவர் போய் நின்றால், "நீங்கள் வீட்டுக்காரரா, குடித்தனக்காரரா?" என்றுதான் கேட்பார்கள். அவர் தட்ட வேண்டிய கதவுகள் வேறு.

மூன்று கதவுகள்

முதல் கதவு, மாநகராட்சி. 1866-ல் நகராட்சியான தஞ்சை 2014-ல் மாநகராட்சி ஆனது. கும்பகோணம் 2021-ல் ஆனது. விழும் நிலையில் உள்ள கட்டிடத்துக்கு முட்டுக் கொடு, பழுது பார், அல்லது இடி என்று சொந்தக்காரருக்கு நோட்டீசு கொடுக்க உள்ளாட்சிக்கு அதிகாரம் உண்டு. கோவில் சொத்து என்றால் கோவில் செயல் அலுவலருக்கும் ஒரு நகல் போக வேண்டும்.

இரண்டாவது கதவு, சுகாதாரத் துறை. பூட்டிக் கிடக்கும் வீட்டின் தொட்டி, உடைந்த பானை, பழைய டயர், ஓட்டு மடிப்பு எல்லாவற்றிலும் மழைத் தண்ணீர் தேங்கும். டெங்கு கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. இப்படித் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டை போடும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த மழைக்குப் பொரியும். பிறந்த இடத்தை விட்டு அது அதிக தூரம் பறப்பதும் இல்லை. ஒரு தெருவில் நாலு பேருக்கு டெங்கு என்றால் கொசு அந்தத் தெருவிலேயே இருக்கிறது என்று அர்த்தம். 1939-ம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தில் கொசு ஒழிப்புக்கென்றே தனி அத்தியாயம் உண்டு.

மூன்றாவது கதவு, ஆர்.டி.ஓ. இதுதான் பலருக்குத் தெரியாத கதவு. விழுந்து அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கோ தெருவில் போகிறவர்களுக்கோ காயம் ஏற்படுத்தக்கூடிய கட்டிடம் இருந்தால், அதை அகற்றவோ பழுது பார்க்கவோ முட்டுக் கொடுக்கவோ நிர்வாக மாஜிஸ்திரேட்டு என்ற முறையில் அவர் உத்தரவு போடலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவு. 1-7-2024 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவு. பெயர் மாறினாலும் அதிகாரம் மாறவில்லை. முறைப்படி போட்ட உத்தரவை எதிர்த்து சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது.

இந்தச் சட்டத்தில் "அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்" என்ற ஆள் இருக்கிறார். அதுதான் முக்கியம். தஞ்சை மாவட்டத்தில் தஞ்சாவூர், கும்பகோணம், பட்டுக்கோட்டை என மூன்று இடங்களில் ஆர்.டி.ஓ. அலுவலகம் உண்டு.

பணம் இல்லை என்ற சாக்கு

இந்தப் பிரிவுக்கு வலு சேர்த்தது ஒரு சாக்கடை வழக்கு. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில் திறந்த சாக்கடை நாற்றம் தாங்காமல் குடியிருந்தவர்கள் 133-வது பிரிவில் மனுப் போட்டார்கள். மாஜிஸ்திரேட்டு உத்தரவிட்டார். "எங்களிடம் பணம் இல்லை" என்று நகராட்சி சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1980-ல் நீதிபதிகள் கிருஷ்ணய்யர், சின்னப்ப ரெட்டி அந்தச் சாக்கை ஏற்க மறுத்தார்கள். கடமையைச் செய்யாததற்குப் பணத்தட்டுப்பாடு காரணம் ஆகாது என்று தீர்ப்பு வந்தது.

மனு எப்படி எழுதுவது?

வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுத்தில் கொடுக்க வேண்டும்.

கதவு எண், தெரு, வார்டு, சாய்ந்த சுவரின் போட்டோ, எடுத்த தேதி எல்லாம் மனுவில் இருக்கட்டும். சொந்தக்காரர் யார் என்று தெரியாவிட்டால் சார்பதிவாளர் ஆபீசில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம். பதிவுத்துறையின் இணையதளத்திலும் பார்க்கலாம். ஒருவர் தனியாகக் கொடுப்பதைவிடத் தெருவில் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பகையும் ஒருவர் தலையில் விழாது.

திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவைப் பதிந்து, ரசீது வாங்க வேண்டும். பதில் வராவிட்டால், என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

அதிகாரிகளும் ஒன்றை மறக்கக்கூடாது. "காலி செய்" என்று கதவில் நோட்டீசு ஒட்டிவிட்டுப் போனால், உள்ளே இருக்கும் ஏழைக் குடித்தனக்காரர் அடுத்த இடிந்த வீட்டைத்தான் தேடிப் போவார். முட்டுக் கொடுத்து, ஓடு மாற்றிக் காப்பாற்றக்கூடிய வீடு எது, இடித்தே தீர வேண்டிய வீடு எது என்று பொறியாளர் பார்த்துப் பிரிக்க வேண்டும். அந்த வேலையை ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செய்ய முடியாது. குறுவை அறுவடை முடிவதற்குள் செய்தாக வேண்டும்.

பொறையாரிலும் சரி, நடூரிலும் சரி, அதிகாரிகள் ஓடி வந்தார்கள். அமைச்சர்கள் வந்தார்கள். நிவாரணம் அறிவித்தார்கள். எல்லாம் விழுந்த பிறகு! விழுவதற்கு முன்னால் அவர்களை வரவழைக்கும் ஒரே ஆயுதம், தேதி போட்டு, ரசீது வாங்கிய அந்த ஒரு மனுதான்.