வாயில் இருந்தால் வேலி தாண்ட மாட்டார்கள்

2024 ஆம் ஆண்டு ஏப்ரல் 20 முதல் மே 20 வரை, அனுமதியின்றிச் சேவையை விட்டு நீங்கியிருந்த படையினருக்கு அரசு பொதுமன்னிப்புக் காலம் ஒன்றை அறிவித்தது. அந்த ஒரு மாதத்தினுள் பதினையாயிரத்துக்கும் அதிகமான இராணுவத்தினர் சட்டபூர்வமாகச் சேவையிலிருந்து விலகிக்கொண்டனர். பத்திரிகைகள் இச்செய்தியைச் சில பத்திகளில் முடித்துக்கொண்டு அடுத்த விடயத்துக்குச் சென்றன. எமக்கோ அச்செய்தி வேறொரு கேள்வியை எழுப்பியது. தொழில் ஒன்று தமக்கு ஒத்துவரவில்லை என்று விலகும் மனிதர் எதற்காக மன்னிப்புக் கேட்கவேண்டும்?

இலங்கையில் கட்டாய இராணுவ சேவை கிடையாது. 1949 ஆம் ஆண்டின் இராணுவச் சட்டத்தின் கீழ், அவ்வாண்டு ஒக்டோபர் 10 ஆம் திகதி உருவான எமது இராணுவம் அன்று தொட்டு இன்றுவரை விரும்பிச் சேர்வோரைக் கொண்டே இயங்குகிறது. ஆயின், உட்புகும்போது இருக்கும் விருப்பம் வெளியேறும்போது செல்லாததாகிவிடுகிறது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் இடும் ஒரு கையொப்பம் பல ஆண்டுகளுக்குக் கட்டுப்படுத்துகிறது. இரண்டாம் வாரத்திலேயே ‘இது எனக்கு உரியதன்று’ என உணரும் இளைஞனும், பத்தாண்டு போர்முனையில் நின்று களைத்த சிப்பாயும், அனுமதியின்றி முகாமைவிட்டுச் சென்றால் சட்டத்தின் பார்வையில் ஒரே வகையினரே. இருவருக்கும் ‘தப்பியோடியவர்’ என்ற ஒரே பெயர்தான்.

முதலாமவரைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். அவரைப் பற்றி எழுதுவோர் குறைவு.

மாத்தளை மாவட்டத்திலிருந்து எழுதுபவனுக்கு இவ்விடயம் தொலைவானதன்று. லக்கலையிலும் வில்கமுவையிலும் நாவுலையிலும் கலேவெலையிலும் உள்ள விவசாயக் குடும்பங்களுக்கு, மழை பொய்த்த ஆண்டில் படையில் சேரும் மகனே காப்புறுதி. அண்மைக் காலத்தில் படைகளும் பொலிஸும் தமிழ்ப் பத்திரிகைகளிலும் ஆட்சேர்ப்பு விளம்பரங்களை வெளியிடுகின்றன. க.பொ.த. சாதாரண தரத்துடன் நின்றுவிட்ட தோட்டத்துப் பிள்ளைகளுள் மிகச் சிலராயினும் அவற்றை வெட்டியெடுத்து வைக்கின்றனர். மாதச் சம்பளம், தங்குமிடம், உணவு, முடிவில் ஓய்வூதியம். கொழுந்துக் கூலியைக் கணக்கிட்டு வாழும் வீட்டில் இச்சொற்களின் பெறுமதி என்னவென்பதை நான் விளக்கத் தேவையில்லை.

இவ்விளைஞர்கள் ஏன் இடைநடுவில் திரும்புகின்றனர்? கோழைத்தனம் என்பது எளிய விடை. மருத்துவர்கள் கூறும் விடை வேறு. அடிப்படைப் பயிற்சியின் முதல் வாரங்களில் ஓட்டமும் நடையும் சுமையும் திடீரெனப் பன்மடங்காகின்றன. எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளப் போதிய இடைவெளி கிடைக்காதபோது முன்னங்கால் எலும்பில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன. ஆரம்பத்தில் எக்ஸ்ரே படத்தில்கூட அவை புலப்படுவதில்லை. அதனால் வலியென்று கூறுபவன் வேலைக்குக் கள்ளமடிக்கிறான் என்ற பெயரைப் பெறுவது எளிது. சிறு வயதில் போதிய போசாக்குப் பெறாத உடலுக்கு இச்சுமை இன்னும் கடினம். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்ட சிறுவர்களுள் ஏறத்தாழ 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ந்திருந்தனர். தோட்டப்புறத்தில் இது 32 வீதம். அங்கிருந்து வரும் பிள்ளை ஆட்சேர்ப்பில் உயர அளவைத் தாண்டிவிடலாம். அவனது எலும்பின் கதை அளவுகோலில் தெரியாது.

மொழியும் ஒரு காரணம். அணிநடைக் கட்டளைகள் சிங்களத்திலேயே வழங்கப்படுகின்றன. அம்மொழியைக் கடைத்தெருவில் மட்டும் கேட்டு வளர்ந்தவன், ஒரு கட்டளையைப் புரிந்துகொள்ள மற்றவரைவிட அரைக் கணம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறான். பயிற்றுநரின் கண்ணுக்கு அந்த அரைக் கணம் கீழ்ப்படியாமையாகத் தெரிகிறது. தமிழையும் அரசகரும மொழியாக 1987 இல் 13 ஆவது திருத்தம் ஏற்றுக்கொண்டது. அந்த ஏற்பு பயிற்சி மைதானத்தை இன்னும் எட்டவில்லை.

இரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்து இளைஞரைச் சில காலத்துக்கு முன்னர் சந்தித்தேன். சீருடைச் சேவை ஒன்றில் சேர்ந்து, பதினோராவது வாரத்தில் இரவோடிரவாக வீடு வந்து சேர்ந்தவர். எச்சேவை, எம்முகாம் என்பதை எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்கே தீங்கு. ‘லீவில் வந்திருக்கிறான்’ என்று தாயார் லயத்தில் சொல்லிவைத்தார். இரண்டு மாதம் கழிந்தபின் அந்தப் பொய்யை நம்ப எவருமில்லை. இப்போது அவர் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் இரவில் மரக்கறி மூட்டை இறக்குகிறார். கால் இன்னும் முழுமையாகக் குணமாகவில்லை. வளைகுடா நாடொன்றுக்குச் செல்ல ஆசை. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க அச்சம். அவர் கூறிய ஒரு வாக்கியம் என் குறிப்பேட்டில் இருக்கிறது: “சார், என்னால முடியலன்னு எழுதிக் குடுக்க ஒரு தாள் இருந்திருந்தா, நான் ஏன் சார் ராத்திரியில வரப்போறேன்?”

அந்தத் தாள் வேறு நாடுகளில் இருக்கிறது. பிரித்தானிய இராணுவத்தில் சேரும் வயதுவந்த ஒருவர், 28 நாட்களைக் கழித்தபின் முதல் மூன்று மாதங்களுக்குள் விலக விரும்பினால், அது அவரது உரிமை. காரணம் காட்டி மன்றாட வேண்டியதில்லை. அறிவித்தல் கொடுத்தால் போதும். பதினெட்டு வயதுக்கு முன்னர் சேர்ந்தோருக்குப் பதினெட்டு நிறையும்வரை அவ்வுரிமை நீடிக்கிறது. அமெரிக்கப் படைகளில், சேர்ந்த ஆரம்ப காலத்துக்குள் (நீண்ட காலமாக இது 180 நாட்களாகவே இருந்தது) ஒத்துவராதவரை, நன்னடத்தை என்றோ துர்நடத்தை என்றோ முத்திரை எதுவும் குத்தாமல் அனுப்பிவிடும் முறை இருக்கிறது. விலக்கும் அதிகாரம் அங்கு படையிடமே உள்ளது. எனினும் செல்பவரின் வாழ்வில் கறை படிவதில்லை. பிரித்தானிய றோயல் மரைன் படையின் லிம்ப்ஸ்டன் பயிற்சி நிலையம் இன்னும் ஒருபடி முன்னே செல்கிறது. பயிற்சியில் காயமுற்றோரை ஒரு தனிப் பிரிவில் வைத்துக் குணமாக்கி, மீண்டும் பயிற்சிக்கு அனுப்புகிறது. கால் முறிந்தவனைக் கள்ளமடிப்பவன் என்று எண்ணாத நிர்வாகத்துக்கே இது இயலும்.

அயல்நாடான இந்தியாவின் அனுபவம் கசப்பானது. தேசியப் பாதுகாப்புக் கல்லூரியிலும் இந்திய இராணுவக் கல்லூரியிலும் பயிற்சியின்போது காயமுற்று அல்லது நோயுற்று, மருத்துவ காரணத்தால் வெளியேற்றப்பட்ட அதிகாரிப் பயிலுநர்கள் 1985 தொடக்கம் ஏறத்தாழ 500 பேர் எனச் செய்தி வெளியானது. அதிகாரியாகப் பதவியேற்கும் முன்னரே வெளியேறியமையால் அவர்கள் ‘முன்னாள் படையினர்’ அல்லர். அங்கவீனத்தின் அளவுக்கேற்ப மாதம் அதிகபட்சம் 40,000 இந்திய ரூபா வரையிலான உதவித்தொகையே அவர்களுக்குக் கிட்டியது. 2025 ஓகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் இதனைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அவ்வமர்வில் நீதியரசர் நாகரத்னாவுடன் இருந்தவர் தமிழகத்தைச் சேர்ந்த நீதியரசர் மகாதேவன். அம்மாத இறுதியிலேயே முன்னாள் படையினருக்கான மருத்துவத் திட்டத்தின் வசதி அவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஒரு கேள்வி கேட்கப்பட்டதும் சில நாட்களில் கிடைத்த பதிலுக்காக அந்த இளைஞர்கள் நாற்பது ஆண்டுகள் காத்திருந்தனர்.

புலம்பெயர்ந்த வாசகர்களுள் சிலர் இவ்விடத்தில் குறுக்கிட்டுக் கேட்கக்கூடும்: இலங்கை இராணுவத்தில் சேர்ந்து திரும்புவோருக்காகத் தமிழன் ஒருவன் ஏன் எழுதவேண்டும்?

கேள்வி நியாயமானது. அதற்கு இரு பதில்கள் உள. முதலாவது கிளிநொச்சியில் இருக்கிறது. 2012 நவம்பரில் வன்னியின் வறிய குடும்பங்களைச் சேர்ந்த நூற்றுக்கும் அதிகமான தமிழ் யுவதிகள் இராணுவத்தில் சேர்க்கப்பட்டனர். எழுதுவினைஞர் வேலை என்று கூறியே அழைத்தார்கள் எனக் குடும்பத்தினர் சிலர் முறையிட்டனர். டிசம்பரில் அவர்களுள் பத்துக்கும் மேற்பட்டோர் கிளிநொச்சி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டபோது வதந்திகள் பரவின. தவறு எதுவும் நிகழவில்லை என இராணுவம் மறுத்தது. உண்மை எதுவாயினும், விரும்பாதவர் எவ்வேளையும் எழுத்தில் கொடுத்து வீடு செல்லலாம் என்ற விதி ஒன்று சுவரில் தமிழில் ஒட்டப்பட்டிருந்தால், அந்த வதந்திகளுக்கு இடமே இருந்திராது. வாயில் ஒன்று தெளிவாக இருப்பது பயிற்சியாளருக்கு மட்டுமன்றி முகாமுக்கும் பாதுகாப்பு.

இரண்டாவது பதில் எமக்கு உள்ளேயே இருக்கிறது. 2004 ஏப்ரலில் கிழக்கில் கருணா பிரிவு கலைந்தபோது நூற்றுக்கணக்கான சிறுவர்கள் வீடு திரும்பினர். அவர்களுள் பலர் பின்னர் புலிகளால் மீண்டும் அழைத்துச் செல்லப்பட்டனர். பிள்ளையைத் தேடி முகாம் வாசலில் நின்ற தாய்மாரை எம் தலைமுறை மறந்துவிடவில்லை. வெளியேறும் வாயில் இல்லாத படை எதுவாக இருப்பினும், அதன் கொடி எந்நிறமாயினும், அதன் விலையைக் கொடுப்பவை ஏழைக் குடும்பங்களே. சிங்களத் தாய்க்கு ஒரு நீதி, தமிழ்த் தாய்க்கு வேறு நீதி என்று இதில் பிரிக்க எனக்கு இயலாது.

‘வாயிலைத் திறந்துவிட்டால் எல்லோரும் ஓடிவிடுவர், மக்கள் பணம் வீணாகும்’ என்று படைத்துறையினர் வாதிடலாம். இவ்வாதத்தைப் புறக்கணிக்க இயலாது. 1990களில் அமெரிக்கப் படைகளில் சேர்ந்தோருள் பத்தில் ஒருவருக்கும் மேற்பட்டோர் முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே வெளியேறினர். அது செலவுதான். ஆயின் எமது முறையின் செலவையும் கணக்கிடுவோம். விலக விரும்பியவர் வேலி தாண்டுகிறார். அவரைத் தேடப் பொலிஸாரும் இராணுவப் பொலிஸாரும் அலைகின்றனர். 2025 பெப்ரவரியில் தப்பியோடியோரைக் கைதுசெய்யப் பாதுகாப்பு அமைச்சு பணித்ததைத் தொடர்ந்து, சில வாரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பிடிபட்டனர். பாதாள உலகக் குழுக்களுடன் சிலர் சேர்ந்திருந்ததே அப்பணிப்புக்குக் காரணம். சட்டபூர்வமாக வேலை தேட அஞ்சும் இளைஞனைச் சட்டவிரோதமாக வேலை கொடுப்பவன் எளிதில் கண்டுகொள்கிறான். ஆயுதப் பயிற்சி பெற்றவனையும், பெறுமுன்னரே வெளியேறியவனையும் ஒரே பட்டியலில் போட்டு ஒரே இருளுக்குள் தள்ளுவது சிக்கனமா?

இன்னொன்றும் உண்டு. 2023 ஜனவரியில், அப்போதைய பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் பிரமித்த பண்டார தென்னகோன், 2,00,783 ஆக இருந்த இராணுவத்தின் அனுமதிக்கப்பட்ட ஆளணி 2024 இல் 1,35,000 ஆகவும் 2030 இல் ஒரு இலட்சமாகவும் குறைக்கப்படும் என அறிவித்தார். அவர் எமது மாத்தளை மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர் என்பது வாசகர் பலருக்கு நினைவிருக்கும். ஆளைக் குறைக்கத் தீர்மானித்த படை, செல்ல விரும்பும் பத்தொன்பது வயதினரைத் துரத்திப் பிடித்து வைத்திருப்பதன் பொருள் எமக்கு விளங்கவில்லை.

வேண்டுவது பெரிய சட்டப் புரட்சியன்று. ஆயுதம் கையளிக்கப்படும் முன்னரான முதல் மூன்று மாதங்களுக்குள், காரணம் கேட்காது விலகும் உரிமை. சேரும் நாளிலேயே தாய்மொழியில் வாசித்துக் காட்டப்படும் ஒரு பத்திரம். காயத்தால் செல்பவருக்குக் குணமாகும்வரை அரச செலவில் சிகிச்சை. வெளியேறுபவரின் கையில், இன்ன திகதியில் விலகினார் என்று மட்டும் கூறும், குற்றம் சுமத்தாத ஒரு கடிதம். இவ்வளவும் போதும். இவை இருந்தால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பொதுமன்னிப்பு அறிவிக்கும் தேவையும் பெருமளவு குறைந்துவிடும்.

கடிதத்தால் தீராத ஒன்று எம்மிடம் இருக்கிறது. திரும்பி வந்த பிள்ளையை ஊர் பார்க்கும் பார்வை அது. கோயில் வாசலில் ‘எப்போது வந்தாய், எப்போது போகிறாய்’ என்று மூன்று தடவை கேட்பவர்களுக்கு விடை தெரியாமல் இல்லை. பல்கலைக்கழகத்தில் ஒரு துறையைவிட்டு வேறு துறைக்கு மாறும் மாணவனை நாம் ஓடிவந்தவன் என்பதில்லை. ஆசிரியப் பயிற்சியை இடையில் விட்டு வங்கியில் சேர்ந்தவளைப் பாராட்டவும் செய்கிறோம். தனக்கு ஏலாததை ஏலாது என்று காலத்தோடு கண்டுகொண்டவனுக்கும் அதே மரியாதையைக் கொடுப்போம். அரசு வாயிலைத் திறக்கும்வரை, ஊராவது தன் படலையைத் திறந்து வைத்திருக்கட்டும்.