காற்று மாறினால் படகை நிறுத்துவது யார்?

செஞ்சிக் கோட்டைக்கு உலகப் பெருமை கிடைத்துவிட்டது. 2025 ஜூலையில் மராட்டியர் வரலாற்றோடு இணைந்த 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான்.

ராஜா தேசிங்கின் கோட்டையைப் பார்க்க இனிக் கூட்டம் பெருகும். ராஜகிரி மலை ஏறி இறங்கிய குடும்பங்கள், களைப்புத் தீரத் தண்ணீரைத் தேடும். செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறக்கும் சங்கராபரணி ஆறு, வீடூர் அணையைக் கடந்து புதுச்சேரி அருகே கடலில் கலக்கிறது. அங்கே சுண்ணாம்பாற்றில் படகுத்துறை இருக்கிறது. "நம் ஊர் ஏரியிலும் படகு விட்டால் என்ன?" என்ற பேச்சு எழுந்தால் அதில் வியப்பில்லை.

விடலாம். ஆனால் முதல் படகு இறங்கும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். "இன்று படகு கிடையாது" என்று சொல்லப்போவது யார்?

பழவேற்காட்டுப் பாடம்

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறை. பழவேற்காடு ஏரியைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஒரு தனியார் மீன்பிடிப் படகில் ஏறினார்கள். படகு கவிழ்ந்தது. 22 பேர் மாண்டார்கள். குழந்தைகளும் தப்பவில்லை.

அன்று புயல் வீசவில்லை. 'தானே' புயல் கடலூர் அருகே கரையைக் கடந்தது டிசம்பர் 30-ல்தான்.

2009 செப்டம்பர் 30-ல் தேக்கடி ஏரியில் கவிழ்ந்தது, அரசுச் சுற்றுலாக் கழகத்தின் இரண்டடுக்குப் படகு. வனவிலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதாகச் சொல்லப்பட்டது. பலியானவர்கள் 45 பேர்.

2023 மே 7-ல் கேரளத்தின் தானூரில், சுற்றுலாப் படகாக மாற்றப்பட்ட மீன்பிடிப் படகு ஒன்று அளவுக்கு மீறிய கூட்டத்தோடு கிளம்பியது. 22 உயிர்கள் போயின. 2024 ஜனவரி 18-ல் வதோதராவின் ஹர்னி ஏரியில் உல்லாசப் பயணம் வந்த பள்ளிக் குழந்தைகள் 12 பேரும் ஆசிரியைகள் இருவரும் மூழ்கினார்கள்.

கனம் செய்யும் கொலை

காரணம் எளிது. ஆள் ஏற ஏறப் படகின் விளிம்பு நீர்மட்டத்தை நெருங்குகிறது. மேல்தட்டில் கூட்டம் நின்றால் படகின் கனம் மேலே போகிறது. பிறகு எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தாலே போதும். தண்ணீர் உள்ளே புகுந்துவிடும்.

அமைதியான நாளிலேயே இந்தக் கதி என்றால், காற்று திடீரென்று திரும்பும் நாளில்? ஆழம் குறைந்த ஏரியில் அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும். கரைக்குத் திரும்பக் கிடைப்பது சில நிமிடங்களே.

செஞ்சி வட்டாரத்துக்கு வானத்தின் குணம் தெரியும். 2024 நவம்பர் 30-ல் 'ஃபெஞ்சல்' புயல் கரையைக் கடந்தபோது, அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. புயலுக்காவது முன்னறிவிப்பு வரும். சித்திரை, வைகாசி மாலைகளில் எழும் இடிக்காற்று அவ்வளவு அவகாசம் தராது.

சட்டம் உண்டு; கரையில் ஆள் உண்டா?

1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2021-ல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. இயந்திரப் படகுகளுக்குப் பரிசோதனையும் பதிவும் வேண்டும் என்கிறது அது. நல்ல சட்டம்தான். ஆனால் சான்றிதழ் அலுவலகத்தில் இருக்கும். படகு ஏரியில் இருக்கும்.

ஆகவே படகுத்துறையில் ஒருவர் நிற்க வேண்டும். அவர் தலைகளை எண்ண வேண்டும். லைப் ஜாக்கெட் அணியாதவரை ஏற்றக்கூடாது. மேகம் கறுத்தால் படகுகளைத் திருப்பி அழைக்க வேண்டும். முக்கியமாக, டிக்கெட் வருமானத்தில் அவருக்குப் பங்கு இருக்கக்கூடாது. கூட்டம் ஏறினால் லாபம் என்றிருப்பவரிடம் "போதும்" என்று சொல்லும் பொறுப்பைக் கொடுப்பது வீண்.

கோட்டை கட்டியவர்கள் வாசலுக்கு வாசல் காவல் வைத்தார்கள். படகுத்துறை வாசலுக்கும் ஒரு காவல் வேண்டாமா?