நீருக்கு முன் நிலம்

சுருளியும் கும்பக்கரையும் அருகிலேயே இருக்க, வீட்டுத் தோட்டத்தில் நீச்சல் தொட்டி எதற்கு என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும், வெள்ளப்பெருக்குக் காலங்களில் அருவிகளில் குளிக்க வனத்துறை தடை விதிப்பதையும், ஆழம் அறியாமல் ஆற்றிலும் கண்மாயிலும் இறங்கும் பிள்ளைகள் உயிரிழப்பதையும் நாம் அறிவோம். ஆதலால், இரும்புச் சட்டமும் பிளாஸ்டிக் விரிப்புமாகப் பெட்டியில் வந்து சேர்ந்து, தரைக்கு மேல் நிற்கும் நீச்சல் தொட்டியை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்க நமக்கு மனமில்லை. நமது கவலை வேறு. தொட்டியின் நிறத்தையும் விலையையும் ஒப்பிட்டுப் பார்க்கும் அக்கறையில் ஒரு சிறு பங்குகூட அது நிற்கப்போகும் மண்ணுக்குக் காட்டப்படுவதில்லை.

முதலில் எடையைக் கணக்கிடுவோம். 4.5 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு நீர் நிரப்பினால் ஏறத்தாழ 16,000 லிட்டர் பிடிக்கும். அதன் எடை 16 டன். தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் 1,000 கிலோவைச் சுமக்க வேண்டும். வெறுந்தொட்டியை இருவர் எளிதில் தூக்கிவிடலாம் என்பதால் இந்த உண்மை மறைந்துபோகிறது.

இடமில்லாதவர்கள் மொட்டை மாடியை நாடுவது இதனால்தான் அச்சமூட்டுகிறது. ஆட்கள் ஏறிப் புழங்கும் மாடிக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 150 கிலோ சுமையையே இந்தியத் தரநிலை 875 (இரண்டாம் பகுதி, 1987) வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்கிறது. ஒரு மீட்டர் நீர் அதைப்போல் ஆறு மடங்குக்கு மேல். பொறியாளரின் கணக்கு இல்லாமல் மாடியில் தொட்டி வைப்பது, கீழே உறங்குவோரின் தலைக்கு மேல் 16 டன்னைத் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். இதில் சமரசத்துக்கு இடமில்லை.

தரைக்கு வருவோம். நிலம் தாழ்ந்த இடத்தில் நீரைத் தேக்குவோரே நிலைபெறுவர் என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுறுத்துவதைப் புறநானூற்றின் 18ஆம் பாடலில் காண்கிறோம். நம் கண்மாய்களெல்லாம் இந்த அறிவில் பிறந்தவை. சரிவு கண்மாய்க்கு நண்பன். கரையை ஒரு பக்கம் உயர்த்தினால் நீர் தானே வந்து நிற்கும். தரைக்கு மேல் நிற்கும் தொட்டிக்கோ சரிவு பகைவன். ஒருபுறம் மேற்குத் தொடர்ச்சி மலையும் மறுபுறம் வருசநாட்டு மலையும் சூழ, கூடலூரிலிருந்து தேனி நோக்கிச் சரிந்து இறங்கும் இப்பள்ளத்தாக்கில், பார்வைக்குச் சமமாகத் தோன்றும் தோட்டமும் மட்டம் வைத்துப் பார்த்தால் சரிந்தே இருக்கும்.

பத்து சென்டிமீட்டர் சரிவினால் என்ன வந்துவிடும் என்று எண்ணலாம். நிலம் சரிந்தாலும் நீரின் மேற்பரப்பு சரியாது. ஆகவே ஒரு பக்கம் 1 மீட்டர் ஆழமும் எதிர்ப்பக்கம் 1.1 மீட்டர் ஆழமும் அமையும். சுவரின் மீது நீர் செலுத்தும் மொத்த விசை ஆழத்தின் இருமடியாக வளர்வதால், தாழ்ந்த பக்கச் சுவர் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகத் தாங்க நேரிடும். அப்பக்க மண்ணும் கூடுதலாக அழுந்தும். அழுந்த அழுந்தச் சாய்வு பெருகும். முடிவில் சட்டம் நெளிந்து சுவர் திறந்தால், வெளியேறும் நீர் அருகில் நிற்கும் குழந்தையையும் இழுத்துச் செல்லும்.

இங்குதான் பெரும்பாலோர் வழி தவறுகின்றனர். மேட்டை வெட்டுவது கடினம். பள்ளத்தில் இரண்டு வண்டி மண் கொட்டுவது எளிது. ஆனால் புதிதாகக் கொட்டிய மண் நீர் பட்டதும் இறங்கும். வெட்டி வெளிப்பட்ட பழைய மண் அவ்வளவாக இறங்காது. ஆகவே தாழ்ந்த புள்ளியை அளவாகக் கொண்டு மேட்டை வெட்டுக, பள்ளத்தை நிரப்பாதீர். இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டுமெனில் இதையே சொல்வோம்.

செய்முறை கைக்கு அடங்கியதே. மூடப்பட்ட பழைய கிணறு, கழிவுநீர்த் தொட்டி, மின்கம்பி, தென்னை ஆகியவற்றை விட்டு விலகிய இடத்தைத் தேர்க. நடுவில் முளை அடித்து, கயிறு கட்டி, தொட்டியின் ஆரத்தைவிட அரை மீட்டர் கூட்டிச் சுண்ணாம்புத் தூளால் வட்டமிடுக. புல்லையும் கல்லையும் வேரையும் அகற்றுக. கோரைக் கிழங்கைத் தோண்டி எடுத்தே தீரவேண்டும். அதன் கூர்முனை பிளாஸ்டிக் விரிப்பையும் துளைத்து வெளிவரும். பிறகு கொத்தனார்கள் கையாளும் டியூப் லெவலைக் கொண்டு நடுவிலிருந்து எட்டுத் திசையிலும் மட்டம் பார்த்து, மேடான இடங்களை வெட்டுக. நீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்து, சில நாள் விட்டு மீண்டும் மட்டம் பார்க்க வேண்டும். அதன்பின் சலித்த மணலை மெல்லிய படுகையாகப் பரப்பித் தார்ப்பாய் விரிக்கலாம். சட்டத்தின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் தரையோடு தரையாகப் பதித்த தட்டைக்கல் தேவை. வடகிழக்குப் பருவமழை மணலை அரித்துவிடாதபடி மேட்டுப் பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டிவிடுக.

மண்ணின் இயல்பும் கவனத்துக்குரியது. செம்மண் நன்கு இறுகும். கரிசலோ ஈரத்தில் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். கரிசல் நிலத்தில் வட்டம் முழுவதும் ஒரே ஆழத்துக்கு மேல்மண்ணை எடுத்துவிட்டு, கிராவலை அடுக்கடுக்காக இட்டு நனைத்து இடிக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மட்டும் மண் கொட்டும் பிழையோடு இதைக் குழப்பக் கூடாது. இங்கு எங்கும் ஒரே கனம்.

இரண்டு மாதக் கோடைக்கு இத்தனை பாடா என்பது எதிர்வாதம். நீரின் எடை இரண்டு மாதத்துக்கும் இரண்டாண்டுக்கும் ஒன்றே என்பதுதான் நம் மறுமொழி. மேலும் இது நமக்குப் புதிய கலையுமன்று. இப்பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயலில் உழவர் நீரையே மட்டமாகக் கொண்டு பரம்படித்து நிலத்தைச் சமன் செய்கின்றனர். அவ்வயலுக்கு நீர் தரும் முல்லைப் பெரியாறு அணையின் பணி 1887இல் தொடங்கி 1895இல் முடிந்தது. அடித்தளம் இடும் பொருட்டு எழுப்பிய தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் அடித்துச் சென்றபோதும் அடித்தளத்தில் அவசரம் காட்டாதவரின் பிறந்த நாளான ஜனவரி 15இல்தான் இங்குப் பொங்கல் வைத்துப் பென்னிகுயிக்கை வணங்குகிறோம். தொட்டிக்கும் அணைக்கும் ஒப்பில்லை. அடித்தளம் பற்றிய பாடம் ஒன்றே.

ஆகவே நிலத்தை முதலில் அளந்து சமன் செய்து, அந்த வட்டத்துக்கு ஏற்ற தொட்டியைப் பிறகு வாங்குவதே முறை. முதல் நாள் இரண்டு விரல் ஆழத்துக்கு மட்டும் நீர் விட்டுச் சுற்றிலும் அளந்து பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கூடினால் தயங்காமல் நீரை இறைத்துவிட்டு மண்வெட்டியை எடுக்க வேண்டும். அளவு ஒத்துவந்தால் நிரப்பலாம். சுற்றிலும் வேலி அடைத்து, பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டுமே பிள்ளைகளை இறக்கலாம்.