பீட்சாக் கடையில் அடிவாங்கியவன் யார்?

கொஞ்சம் நீளமான பதிவு. பத்தாம், பதினோராம் தரங்களில் ஆண் பிள்ளைகள் இருக்கின்ற பெற்றோர் நேரம் எடுத்து வாசித்தால் சந்தோஷம்.

போன கிழமை இடைவேளை முடிந்து வகுப்புக்குப் போனபோது, பின் வாங்கில் நாலைந்து பேர் ஒரு போனைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். பாடசாலைக்குப் போன் கொண்டுவரக் கூடாது. அந்தக் கதை வேறு. போனை வாங்கிப் பார்த்தேன். ஒரு துண்டு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. மலைபோல ஒரு வெள்ளைக்காரன் பீட்சாக் கடைக்குள் வருகிறான். தனக்கு வேண்டிய மாதிரி பீட்சா கேட்கிறான். கடையில் நிற்பவன் அப்படித் தர முடியாது என்கிறான். கொஞ்ச நேரத்தில் கடைக்காரனின் முகம் இரத்தமாகிறது. யாரோ பின்னணியில் ஒரு பாட்டை ஒட்டியிருந்தார்கள். பிள்ளைகள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

"சும்மா பகிடிக்கு சேர்" என்றான் ஒருவன். "சேர், அந்த ஆள் உண்மையா இருந்தவராம். பெரிய டொன்னாம்" என்றான் மற்றவன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கும் அந்தக் காட்சி புதிதல்ல. பயிற்சிக் கலாசாலையில் படித்த காலத்தில், விடுதி அறையில் ஒரு மடிக்கணினியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் இருந்து முழுப் படத்தையும் பார்த்தோம். அதே இடத்தில் நாங்களும் சிரித்தோம். நாளைய ஆசிரியர்கள்! ஆகவே பிள்ளைகளை ஏச எனக்கு வாய் வரவில்லை. போனை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, அன்றிரவு இஷாவுக்குப் பிறகு அந்தப் படத்தைத் தேடி மறுபடியும் பார்த்தேன். இந்த முறை சிரிப்பு வரவில்லை.

படத்தின் பெயர் 'ரைஸ் ஒஃப் த ஃபுட்சோல்ஜர்'. 2007இல் வந்த பிரித்தானியப் படம். இயக்கியவர் ஜூலியன் கில்பி. கார்ல்டன் லீச் என்பவரின் வாழ்க்கையை வைத்து எடுத்தது. வெஸ்ட்ஹாம் உதைபந்தாட்டக் கழகத்தின் பெயரால் அடிதடியில் இறங்கிய ஒரு கூட்டத்தில் தொடங்குகிறார். பிறகு இரவு விடுதிகளின் வாசற்காவலாளி. அதற்குப் பிறகு போதைப்பொருள் கும்பல்களின் கூட்டாளி. அந்த வழியில் அவருக்கு நண்பரானவர்தான் டோனி டக்கர். டக்கரோடு சேர்ந்தவர்கள் பட் டேட், கிரேக் ரோல்ஃப். பீட்சாக் கடையில் வருகின்ற மலை மனிதன் அந்த டேட். பிள்ளைகள் சொன்னது சரி, அவர்கள் உண்மையாக இருந்த ஆட்கள்.

1995 டிசம்பர் 6ஆம் திகதி இரவு, லண்டனுக்குக் கிழக்கே எஸெக்ஸ் பகுதியில், ரெட்டன்டன் என்ற கிராமத்துக்கு அருகே ஒரு பண்ணைப் பாதையில் இந்த மூவரும் தங்கள் ரேஞ்ச் ரோவருக்குள் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுநாள் காலையில்தான் சடலங்கள் கிடைத்தன. மூவரில் ஒருவருக்கும் நாற்பது வயது நிறையவில்லை. 1998இல் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தாங்கள் செய்யவில்லை என்றே அவர்கள் சொல்லி வந்தார்கள். 2006இல் அவர்களுடைய மேன்முறையீடு தள்ளுபடியானது.

போனை எடுத்துப்போக வந்த வாப்பா ஒருவர் என்னிடம் சொன்னார்: "சேர், நானும் அந்தப் படம் பார்த்திருக்கன். கடைசில மூணு பேரும் மௌத்தாத்தானே போறானுகள்? பிள்ளைகளுக்கு அதுவே படிப்பினைதானே?"

நல்ல மனிதர். நல்ல கேள்வி. நம்மில் பலர் இப்படித்தான் நினைக்கிறோம். கெட்டவன் கடைசியில் சாகிறான், எனவே படம் நல்ல பாடம் சொல்கிறது என்று. அன்று அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

முதலாவது, அந்தச் சாவு யாரையும் பயமுறுத்தவில்லை. 2007இல் வந்த படத்தோடு கதை முடியவில்லை. 2015, 2017, 2019, 2021, 2023 என்று அடுத்தடுத்துப் படங்கள். மொத்தம் ஆறு. 2017இல் வந்த படத்தின் தலைப்பிலேயே டேட்டின் பெயர் இருக்கிறது. இந்தத் தொடரில் சேராமல், அதே கொலையைத் தழுவி 2000இலேயே 'எஸெக்ஸ் போய்ஸ்' என்று ஒரு படம் வந்தது. 2010இல் இன்னொன்று. செத்த மனிதன் படத்துக்குப் படம் எழும்பி வருகிறான். புதுச் சட்டை, புதுச் சண்டை, புது ஊர். இதைப் பார்க்கின்ற பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சாவு தண்டனையாகத் தெரியுமா? பெயர் நிலைப்பதற்குக் கொடுக்கும் விலையாகத்தான் தெரியும். பொடியன் ரேஞ்ச் ரோவரின் கடைசி இரவை நினைவில் வைத்திருக்கவில்லை. பீட்சாக் கடையைத்தான் வைத்திருக்கிறான்.

இரண்டாவது, கதையை யார் சொல்கிறார் என்று பாருங்கள். செத்தவர்களின் நண்பர் சொல்கிறார். உயிர் தப்பிய நண்பன் சொல்கின்ற கதையில் பாசம் இருக்கும், பகிடி இருக்கும், பெருமூச்சு இருக்கும். அடிவாங்கியவனுக்குப் பெயர் இருக்காது. கெமரா எப்போதும் அடிப்பவனின் தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. நாமும் அங்கேயே போய் நின்றுகொள்கிறோம்.

படத்தை முழுக்கக் குறை சொல்லவும் மாட்டேன். ஒரு விடயத்தை அது சரியாகக் காட்டுகிறது. அந்த வியாபாரத்தின் திறப்பு வாசலில் இருந்தது. எண்பதுகளின் கடைசியில் பிரித்தானிய இளைஞர்கள் விடிய விடிய ஆடுகின்ற இசைக் கூட்டங்கள் பெருகின. அதோடு எக்ஸ்டசி என்கின்ற மாத்திரையும் பெருகியது. விடுதி வாசலில் காவல் நிற்பவன்தான் உள்ளே யார் மாத்திரை விற்கலாம், யார் விற்கக் கூடாது என்று தீர்மானித்தான். விற்பவன் அவனுக்குப் பங்கு கொடுத்தான். உள்ளே போகின்ற பிள்ளையைப் பாதுகாக்க என்று சம்பளம் வாங்கியவனே அந்தப் பிள்ளைக்கு விலை வைத்தான். இவர்களுடைய வீரத்தின் அடிப்படை இவ்வளவுதான். மற்றதெல்லாம் ஜிம் உடம்பு.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்த பெயர். லேயா பெட்ஸ்.

அதே எஸெக்ஸ். அதே வருடம். 1995 நவம்பர் 11ஆம் திகதி தன் வீட்டில் பதினெட்டாவது பிறந்தநாள் விருந்து. அன்றிரவு ஓர் எக்ஸ்டசி மாத்திரை எடுத்தாள். அந்த மாத்திரை போட்டால் உடம்பு சூடாகும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று அந்தக் காலத்துப் பிள்ளைகளிடையே ஒரு பேச்சு. அவளும் குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறிக் குடித்தாள். அதே மாத்திரை உடம்பிலிருந்து நீர் வெளியேறுவதையும் தடுக்கும். மூளை வீங்கியது. நினைவு திரும்பவேயில்லை. நவம்பர் 16இல் இறந்தாள்.

அவளுடைய தகப்பன் முன்னாள் பொலிஸ் அதிகாரி. சிற்றன்னை ஒரு தாதி. விருந்து நடந்தபோது இருவரும் வீட்டில்தான் இருந்தார்கள். "நம்ம வீடு அப்படிப்பட்ட வீடு இல்லை" என்று சொல்கின்ற பெற்றோர் இந்த மூன்று வரிகளையும் இன்னொரு முறை வாசியுங்கள்.

அந்த மாத்திரை பசில்டன் நகரத்து இரவு விடுதி ஒன்றிலிருந்து வந்ததாக அப்போது செய்திகள் வெளியாகின. அந்த விடுதியின் வாசல் டக்கரின் ஆட்கள் கையில் இருந்தது. லேயா இறந்து சரியாக இருபதாம் நாள்தான் ரேஞ்ச் ரோவருக்குள் துப்பாக்கி வெடித்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழாய்களோடு கிடந்த மகளின் படத்தைப் பத்திரிகைகளில் போட அந்தப் பெற்றோர் சம்மதித்தார்கள். மற்றப் பிள்ளைகளாவது பார்க்கட்டும் என்று. பிறகு அவளுடைய சிரித்த முகத்தோடு நாடு முழுவதும் விளம்பரப் பலகைகள் வைக்கப்பட்டன. சில மாதங்கள் நாடே பேசியது. ஆனால் அவள் பெயரில் ஆறு படங்கள் வரவில்லை. நம் வகுப்புப் பொடியன்கள் ஒருவனுக்கும் லேயா பெட்ஸ் யாரென்று தெரியாது. பட் டேட்டைத் தெரியும். இதுதான் எனக்கு நித்திரை வராமல் செய்தது.

மறுநாள் வகுப்பில் பாடப் புத்தகத்தைத் திறக்கவில்லை. ஒரு கேள்வி கேட்டேன். "உங்கட வீட்டில இருந்து வெளிநாட்டுக்குப் போய்க் கடையில, ஹோட்டலில வேலை செய்ற ஆக்கள் இருந்தா கை உயர்த்துங்க."

வகுப்பில் அரைவாசிக்கு மேல் கை உயர்ந்தது. வாப்பா, நானா, மாமா, சாச்சா. கட்டார், சவூதி, துபாய், இரண்டு பேர் லண்டன். ஒருவனுடைய நானா பீட்சாக் கடையிலேயே வேலை செய்கிறாராம். அதைச் சொல்லும்போதே அவனுடைய குரல் இறங்கிவிட்டது. எதற்காகக் கேட்கிறேன் என்று அவனுக்கு முதலிலேயே விளங்கிவிட்டது.

"நேற்றுப் பார்த்த வீடியோவில நீங்க எந்தப் பக்கம் நிண்டு பார்த்தீங்க? கதவால வந்தவர்ர பக்கமா, மேசைக்கு அங்கால நிண்டவர்ர பக்கமா?"

யாரும் வாய் திறக்கவில்லை.

"அண்டைக்கு இரவு அந்தக் கடையில வேலை செய்றவர் வீட்டுக்குப் போன் எடுத்தா உம்மாட்ட என்ன சொல்லுவார்?"

கொஞ்ச நேரம் கழித்து, போன் கொண்டுவந்த அதே பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "குசினில வழுக்கி விழுந்தன் எண்டு சொல்லுவார் சேர்."

அதற்கு மேல் நான் ஒன்றும் விளக்கவில்லை. அந்தப் பாடவேளையில் அதைவிடப் பெரிய பாடம் என்னிடம் இருக்கவுமில்லை.

என்னிடம் சிலர், "இந்த மாதிரிப் படங்களைப் பிள்ளைகள் பார்க்காமல் தடுக்க ஏதாவது வழி சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். வயதுக்கு ஒவ்வாததை வீட்டில் தடுக்கத்தான் வேண்டும். இந்தப் படம் பிரித்தானியாவிலேயே பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றுதான் சான்றிதழ் பெற்றது. ஆனால் சான்றிதழ் படத்துக்குத்தான், துண்டு வீடியோவுக்கு இல்லை. முழுப் படத்தைப் பூட்டி வைத்தாலும் அதிலிருந்து வெட்டிய ஒரு நிமிடம் வட்ஸ்அப்பில் வந்து சேரும். அந்த ஒரு நிமிடத்தில் அடி இருக்கும், பாட்டு இருக்கும். ரேஞ்ச் ரோவர் இருக்காது. லேயா இருக்கவே மாட்டாள்.

அதனால் பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றுதான். பிள்ளை சிரித்துக்கொண்டு ஒரு வீடியோவைக் காட்டினால் போனைப் பறித்து எறியாதீர்கள். பக்கத்தில் இருந்து பாருங்கள். பார்த்து முடிந்ததும், "இதில அடிவாங்கினவர் ஆர் மகன்? அவர்ர வீட்டில ஆர் இருக்காங்க?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. கேள்வி உள்ளே போய் இருந்துகொள்ளும்.

நம்முடைய ஊரிலும் ஐஸ் வந்துவிட்டது. அதை விற்பவன் படத்தில் வருகின்ற மாதிரிப் பயங்கரமான முகத்தோடு வர மாட்டான். நல்ல பைக்கில், நல்ல சட்டையில், "மச்சான்" என்று கூப்பிட்டுக்கொண்டு வருவான். அவனைப் பார்த்து 'பெரிய ஆள்' என்று ஒரு பிள்ளை வியந்தால், அரைவாசி வியாபாரம் அங்கேயே முடிந்துவிட்டது. அந்த வியப்பைத்தான் ஆறு படங்களும் சும்மா கிடைக்கின்ற துண்டு வீடியோக்களும் நம் பிள்ளைகளுக்குப் பழக்குகின்றன.

போனை எடுத்துப்போன வாப்பாவும் இதை வாசிப்பார் என்று தெரியும். உங்களுடைய மகன் நல்ல பிள்ளை. அந்த வகுப்பில் முதலில் வாய் திறந்தவன் அவன்தான். வீட்டுக்குப் போய் அதைச் சொன்னானோ தெரியாது. சொல்லியிருக்க மாட்டான். அதனால்தான் நான் சொல்கிறேன்.