பகைவர்மேல் எய்த பொய்

1943 ஆகஸ்டு இறுதியில், போலந்து மக்கள்மீது ஜெர்மானியர் நிகழ்த்திவந்த கொடுமைகளைக் கண்டித்துப் பிரிட்டனும் அமெரிக்காவும் ஓர் அறிக்கை வெளியிட்டன. அதன் வரைவில், மக்கள் நச்சுவாயுக் கூடங்களில் அடைத்துக் கொல்லப்படுகிறார்கள் என்ற செய்தி இடம்பெற்றிருந்தது. அறிக்கை வெளிவந்தபோது அந்த வரி இல்லை. போதிய சான்று இல்லையெனப் பிரிட்டிஷ் தரப்பு கருதியதால் அது நீக்கப்பட்டது. பிரிட்டனின் கூட்டு உளவுக் குழுவுக்குத் தலைமை வகித்த விக்டர் கேவெண்டிஷ்-பெண்டிங்க் அந்நாள்களில் எழுதிய குறிப்பு அதன் பின்னணியைக் காட்டுகிறது. முந்தைய போரில் மனிதச் சடலங்களைக் காய்ச்சிக் கொழுப்பு எடுத்ததாகப் பரப்பப்பட்ட கதையை இச்செய்தி தமக்கு நினைவூட்டுவதாகவும், அந்தப் பெரும்பொய்யினாலேயே ஜெர்மானியரின் மெய்யான கொடுமைகளும் வெறும் பிரச்சாரம் என்று ஒதுக்கப்பட்டதாகவும் அவர் அதில் குறித்திருந்தார். அவர் அதை எழுதிய நாள்களில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் நச்சுவாயுக் கூடங்கள் இயங்கிக்கொண்டிருந்தன.

அவர் சுட்டிய பொய் எங்கிருந்து வந்தது? 1917 ஏப்ரலில் லண்டன் நாளேடுகள் வெளியிட்ட செய்தி அது. ஜெர்மானியப் படை, போர்க்களத்தில் மாண்ட தன் வீரர்களின் உடல்களையே கட்டுக்கட்டாக ரயிலில் ஏற்றி ஆலைக்குக் கொண்டுசென்று, எண்ணெயும் உரமும் பன்றித் தீனியும் எடுக்கிறது என்றன அவ்வேடுகள். இறந்த விலங்குகளைக் காய்ச்சும் ஆலை ஒன்றைப் பற்றி ஜெர்மானிய நிருபர் எழுதிய சில வரிகளே இப்படித் திரிக்கப்பட்டன. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தபோது, நாளேடுகளில் வந்ததற்கு மேல் தமக்கு எதுவும் தெரியாது என்ற அமைச்சர் ராபர்ட் செசில், ஜெர்மானியரின் பிற செயல்களை நோக்க இது நம்பத்தகாததும் அன்று என்று சேர்த்துக்கொண்டார். பொய்யை உரைத்த பழி அரசைச் சேராது. அதன் பயன் மட்டும் சேரும். போர்க்கால அரசுகளுக்கு மிகவும் வசதியான நிலை இதுவே.

போர் முடிந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1925 டிசம்பரில், வெளியுறவு அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லின் அக்கதைக்கு எந்த அடிப்படையும் இல்லை என்ற ஜெர்மானிய அரசின் மறுப்பை மக்களவையில் ஏற்றுக்கொண்டார். மறுப்பு வந்ததும் மக்கள் கற்ற பாடம் ஒன்று உண்டு. பகைவன் கொடியவன் என்று இனி எவர் சொன்னாலும் நம்பலாகாது என்பதே அது. இதைவிடக் கேடான பாடம் கற்பிக்கப்பட்டிருக்க முடியாது. பெல்ஜியத்தில் 1914இல் ஜெர்மானியப் படை பொதுமக்களை வரிசையாக நிறுத்திச் சுட்டது மெய். லூவெய்ன் நகரின் நூலகம் எரிக்கப்பட்டதும் மெய். புனைந்தவற்றோடு சேர்த்து இந்த மெய்களும் குப்பையில் எறியப்பட்டன.

1942 ஜூனில் போலந்திலிருந்து யூத இயக்கத்தினர் கடத்தி அனுப்பிய அறிக்கை லண்டனை எட்டியது. ஏழு லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதை ஊர்பேர்களோடு அது விவரித்தது. நாளேடு ஒன்று அதை வெளியிட்டது, உலகம் அதிரவில்லை. அச்செய்தியை உலகின் செவிகளில் ஏற்றப் பாடுபட்ட, அவ்வியக்கத்தின் பிரதிநிதியான ஷ்முல் சீகெல்பாய்ம், 1943 மே மாதம், வார்சாவில் யூதர்கள் அடைக்கப்பட்டிருந்த கெட்டோவின் கிளர்ச்சி நசுக்கப்பட்ட வேளையில், உலகத்தின் பாராமுகத்தைக் கண்டித்துக் கடிதம் எழுதிவைத்துவிட்டு லண்டனில் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தப் பாராமுகத்துக்கு 1917இன் பொய் ஒன்றே காரணம் என்று கூறுவது மிகையாகும். யூதர்மீது ஐரோப்பா முழுவதும் ஊறிப்போயிருந்த வெறுப்பும், மனத்தால் எண்ணிப் பார்க்கவே இயலாத கொடுமையின் அளவும் அதற்குக் காரணங்கள். ஆயினும், நம்ப மறுக்க விரும்பியவர்களின் கையில் மறுப்புக்கான நியாயத்தை எடுத்துக் கொடுத்தது அந்தப் பொய்யே. அதைச் சொன்னவர்கள் அன்று வீழ்த்த எண்ணியது ஜெர்மானியச் சக்கரவர்த்தியின் படையை. அது வந்து விழுந்ததோ, அப்போது பிறந்தே இராத குழந்தைகள்மீது.

அந்தப் போரின் பிரச்சாரத்துக்கு வேறொரு வாரிசும் உண்டு. 1918இல் நார்த்கிளிஃப் பிரபுவின் பொறுப்பில் இயங்கிய பிரிட்டிஷ் பிரச்சார அலுவலகம் பலூன்களில் துண்டறிக்கைகளைக் கட்டி ஜெர்மானியப் பதுங்குகுழிகளின்மேல் பறக்கவிட்டது. தோற்ற தளபதிகளுக்கு அது நல்ல சாக்காயிற்று. களத்தில் நாங்கள் தோற்கவில்லை, பகைவரின் பிரச்சாரம் எங்கள் வீரரின் நெஞ்சை நஞ்சாக்கிவிட்டது என்று லூடெண்டார்ஃப் போன்றோர் சாதித்தனர். முதுகில் குத்தப்பட்டோம் என்ற கட்டுக்கதை அதனோடு பிணைந்தே வளர்ந்தது. ஹிட்லர் தம் நூலில் பிரிட்டிஷ் பிரச்சாரத்தை வியந்து பாராட்டி, அதைக் கற்றுக்கொள்ள வேண்டிய கலையாகவே எழுதினார். கோயபல்ஸ் அக்கலையை அரசின் ஓர் அமைச்சகமாக்கினார்.

போரில் பகைவரின் மன உறுதியைக் குலைக்கும் முயற்சி அனைத்தும் தீது என்பது நம் கருத்தன்று. ஒரு சொல்லால் ஒரு வீரன் படைக்கலத்தைக் கீழே வைப்பானாயின், குண்டால் அவன் மடிவதைவிட அது மேலானது. இரண்டாம் உலகப்போரின் இறுதியாண்டில் நேச நாடுகள் ஜெர்மானிய வீரர்மேல் சொரிந்த அடைக்கல அனுமதிச் சீட்டை இங்கே கருத வேண்டும். பங்குப் பத்திரம் போன்ற அழுத்தமான அச்சு. அமெரிக்க, பிரிட்டிஷ் அரசு முத்திரைகள். கீழே நேசப்படைத் தலைமைத் தளபதி ஐசன்ஹோவரின் கையொப்பம். முத்திரையும் கையொப்பமும் உள்ள தாளுக்குக் கட்டுப்பட்டே வளர்ந்த வீரனுக்கு, அத்தாள் வெறும் துண்டறிக்கையாகத் தோன்றவில்லை. இதைக் கொண்டுவருபவனின் படைக்கலத்தைப் பெற்றுக்கொண்டு, அவனைக் கண்ணியமாக நடத்தி, உணவும் தேவையான மருத்துவமும் தந்து, இயன்ற விரைவில் போர்முனையிலிருந்து அகற்ற வேண்டும் என்று காவற்படையினருக்கு இடும் ஆணையாக அது எழுதப்பட்டிருந்தது. ஒரே உருளைக் குண்டில் பல்லாயிரம் தாள்களை அடைத்து, வானிலேயே வெடித்துச் சிதறும்படி வீசினர். சரணடைந்த பலர் அத்தாளை மடித்துச் சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்தனர். அகப்பட்டால் தம் மேலதிகாரிகளாலேயே சுடப்படலாம் என்பதை அறிந்தே வைத்திருந்தனர்.

அத்தாள் பயன் தந்ததற்கு முதற்காரணம், அதில் எழுதியிருந்தது பெரும்பாலும் நடந்தது என்பதே. சிறைப்பட்டவன் உணவு பெற்றான். காயம்பட்டவன் கட்டுப் போடப்பட்டான். எட்வர்டு ஷில்ஸ், மோரிஸ் ஜானோவிட்ஸ் என்ற இரு சமூகவியலாளர் ஜெர்மானியக் கைதிகளை ஆராய்ந்து 1948இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு மேலும் ஒளி தருகிறது. கொள்கை பற்றியோ தலைவனின் பழி பற்றியோ பொழிந்த பிரச்சாரம் வீரரை அசைக்கவில்லை. அருகில் நின்ற தோழர்களும் நம்பிய அதிகாரியும் உள்ளவரை அவர்கள் நிலைகுலையவில்லை. அந்தச் சிறு கூட்டம் சிதறி, உணவும் தொடர்பும் அற்ற நிலையில்தான், உயிர் பிழைக்க வழிசொல்லும் தாள் அவர்களுக்குப் பொருள்பட்டது. வானொலியில் உரக்க முழங்கிவிட்டால் பகைவன் நெஞ்சு நடுங்கும் என்று எண்ணுவோர் இக்கட்டுரையைப் படிக்க வேண்டும்.

அதே போரில் பிரிட்டன் வேறொரு வழியையும் கையாண்டது. பெர்லினில் பிறந்து வளர்ந்து, ஜெர்மன் மொழியைத் தாய்மொழிபோல் பேசிய இதழாளர் செஃப்டன் டெல்மரிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. 1941 மே மாதம் அவர் தொடங்கிய வானொலி, ஜெர்மனிக்குள்ளிருந்தே ஒரு பழம் பிரஷ்ய அதிகாரி பேசுவதுபோல் நடித்தது. பின்னர் படைவீரர் வானொலி என்ற பெயரில் இன்னொன்று வந்தது. நல்ல இசை, விளையாட்டு முடிவுகள், வான்படங்களைப் பார்த்துத் தொகுத்த, குண்டு விழுந்த தெருக்களின் பெயர்கள் எனப் பத்தில் ஒன்பது பங்கு மெய். அவற்றின் நடுவே ஒரு பங்கு நஞ்சு. அந்த நஞ்சின் தன்மையை அறிய ஒன்று போதும். ஜெர்மானியக் களமருத்துவமனைகள் வீரர்களின் இறப்பை அவரவர் ஊர்க் கட்சி அலுவலருக்கு வானொலித் தந்தியில் அறிவித்தன. டெல்மரின் குழு அவற்றை ஒட்டுக்கேட்டு, மருத்துவமனையின் பெயர் அச்சிட்ட போலித் தாளில், உடனிருந்தவர் எழுதுவதுபோல் தாய்க்குக் கடிதம் எழுதியது. மகன் அமைதியாகப் போனான். உங்களிடம் சேர்க்கச் சொல்லி ஒரு விலையுயர்ந்த பொருளை விட்டுச் சென்றான். அதை உங்கள் ஊர்க் கட்சி அலுவலருக்கு அனுப்பியிருக்கிறோம். அப்படியொரு பொருளே இல்லை. இல்லாத பொருளைத் தேடி அந்தத் தாய் அலுவலகத்தின் படியேறுவாள். அலுவலர் திருடிவிட்டார் என்று ஊரெல்லாம் பேசும். இது திறமையான வேலை என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதற்குக் கருவியாக்கப்பட்டது பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் துயரம். நாஜி அரசு வீழ வேண்டியதே என்பதில் நமக்கு ஐயமில்லை. அத்தாயை ஏமாற்றியதை நம்மால் ஏற்க இயலவில்லை.

ஏற்காதவர்கள் அன்றும் இருந்தனர். நம் நாட்டுக்குத் தூதுக்குழுவோடு வந்தவர் என்று நாம் அறிந்த ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ், டெல்மரின் ஒலிபரப்பு ஒன்றிலிருந்த ஆபாசத்தைக் கண்டு கொதித்து, போரை வெல்ல இதுதான் தேவையெனில் தோற்பதே மேல் என்று முறையிட்டார். அமைச்சரவையில் இருந்துகொண்டே அதைச் சொல்லத் துணிந்தார் அவர். போருக்குப் பின் டெல்மரே தம் நினைவுநூலுக்கு, எறிந்தவனிடமே திரும்பும் வளைதடியின் பெயரைச் சூட்டினார். கட்சிக்காரர்கள் கயவர்கள், படையதிகாரிகளோ நேர்மையானவர்கள் என்று பிளவு உண்டாக்குவதற்காகத் தாம் ஊதிய கதையை, போருக்குப் பின் ஜெர்மானியப் படையினர் தம் குற்றங்களுக்குத் திரையாக்கிக்கொண்டதைக் கண்டு அவர் வருந்தினார்.

மகாபாரதத்திலும் இதைக் காணலாம். துரோணனின் மகன் அசுவத்தாமன் இறந்தான் என்று தருமன் உரைத்ததும் துரோணன் வில்லைக் கைவிட்டான். தரையில் படாது சென்ற தருமனின் தேர் அன்று மண்ணில் இறங்கியது என்பதை நம் கதைசொல்லிகள் விடாமல் சொல்வார்கள். அந்த மகன் இரவில் பாசறைக்குள் புகுந்து, உறங்கிய பாண்டவரின் பிள்ளைகளை வெட்டிச் சாய்த்ததையும் அதே காப்பியம் அந்தப் பொய்யின் தொடர்ச்சியாகவே வைத்திருக்கிறது.

சொல்லில் நம்பிக்கை போனால் என்ன ஆகும் என்பதைச் சென்னையும் அறியும். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் துறைமுகத்தருகே எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டுவிட்டு அரைமணி நேரத்தில் மறைந்தது. அழிந்த பொருள் குறைவு. ஊரைவிட்டு ஓடிய மக்கள் மிகப் பலர். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வருவதாகப் பரவிய பேச்சுக்கு அஞ்சி அரசு அலுவலகங்களே உள்நாட்டுக்குப் பெயர்ந்தன, நகரம் வெறிச்சோடியது. இரு முறையும் சென்னையைக் காலிசெய்ய எதிரிப் படை எதுவும் கரையிறங்கவில்லை. ஆள்பவரின் சொல்லில் நம்பிக்கை இல்லாதிருந்ததே போதுமானதாக இருந்தது.

இவற்றை இன்று எழுத நேர்ந்ததன் காரணம் பழமையானதன்று. 2022 மார்ச்சில், உக்ரைன் அதிபர் தம் வீரர்களைச் சரணடையச் சொல்வதுபோன்ற பொய்க் காணொளி ஒன்று செயற்கையாக உருவாக்கப்பட்டு, அந்நாட்டுத் தொலைக்காட்சியின் தளத்திலேயே ஊடுருவிப் புகுத்தப்பட்டது. அதிபர் தம் வழக்கமான உடையில், தம் வழக்கமான குரலில், உடனே தோன்றி அதை மறுத்தார், வீரர்கள் நம்பினர். அதற்கு முன்பே நாள்தோறும் மக்களோடு பேசிவந்தவர் என்பதால்தான் அந்த மறுப்பு எடுபட்டது.

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய நாள்களில் நாம் கண்டது என்ன? எல்லைக்கப்பால் கணினி விளையாட்டுக் காட்சிகள் போர்க்காட்சிகளாகப் பரப்பப்பட்டன. நம் பக்கத்திலும் குறைவில்லை. கராச்சித் துறைமுகத்தை நம் கடற்படை தாக்கியழித்துவிட்டதாகத் தேசியத் தொலைக்காட்சி அலைவரிசைகள் பல நள்ளிரவில் முழங்கின. அப்படி எதுவும் நடக்கவில்லை. பகைவரின் நெஞ்சைக் கலங்கடிக்கச் சொன்னதாக எவரேனும் சமாதானம் கூறினால் அது செல்லாது. துறைமுகம் இருக்கிறதா இல்லையா என்பதைக் கராச்சியில் வாழ்பவர் சன்னலைத் திறந்து பார்த்துக்கொள்வார். ஏமாந்தவர்கள் நம் மக்களே. அதே நாள்களில் பூஞ்ச் நகரில் பாகிஸ்தானின் பீரங்கிக் குண்டுகளுக்குப் பத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் பலியாயினர்; அவர்களில் குழந்தைகளும் இருந்தனர். அவர்களின் சாவு மெய். உலகம் அதை நம்ப வேண்டுமென்று நாம் கேட்ட அந்நேரத்திலேதான் நம் திரைகளில் பொய் ஓடிக்கொண்டிருந்தது. பூஞ்சின் குடும்பங்களுக்கு இதைவிடப் பெரிய தீங்கை நம் தரப்பிலிருந்து எவரும் செய்திருக்க முடியாது.

போரின்போது அரசு சிலவற்றை மறைக்கலாம். படையின் நகர்வைச் சொல்லாதிருப்பது கடமை. மறைப்பது வேறு, புனைவது வேறு. பகைநாட்டின் பொய்களை நாள்தோறும் பட்டியலிட்டு மறுத்த அரசு, தன் நாட்டு அலைவரிசைகள் உரைத்த பொய்யையும் அதே விரைவோடு, அதே மேடையில் மறுக்க வேண்டும். அதற்கென விதி இன்று இல்லையெனில் நாடாளுமன்றம் அதை வகுக்கட்டும். தணிக்கை அதிகாரமாக அன்றி, தவறானதைத் தவறு என்று பொதுவெளியில் பதிவுசெய்யும் கடமையாக மட்டும் அதை வகுக்கட்டும். கராச்சிச் செய்தியை வாசித்த அலைவரிசைகள், அதை வாசித்த அதே இரவு வேளையில், அதே அறிவிப்பாளரின் வாயால், நடந்தது இதுவன்று என்று வாசிக்க வேண்டும். பூஞ்சில் இறந்தவர்களின் பெயர்களையும் அப்போது சேர்த்து வாசிக்கட்டும்.