காவலாளிக்கு ஏன் பேரில்லை?

நாடகப் பயிற்சி என்று வந்துவிட்டால் 'பாத்திரமாக மாறு' என்பதுதான் முதல் மந்திரம். ரஷ்யாவின் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி காட்டிய வழி. நீ பட்ட துக்கத்தைக் கிளறு, அவமானத்தை நினை, அதைப் பாத்திரத்துக்குக் கொடு. சரி. ஆனால் இந்த நாட்டில் அவமானம் எல்லாருக்கும் ஒரே அளவாகவா பங்கு வைக்கப்பட்டிருக்கிறது? ஒருத்தன் கண்ணை மூடிக் கற்பனை செய்ய வேண்டியது இன்னொருத்தன் வீட்டில் நேற்று நடந்தது. இதைப் பேசாமல் நடக்கிற ஒத்திகை மோசடி என்கிறேன்.

கல்லூரி ஒன்றில் மாணவர்கள் சோபாக்ளிசின் 'ஆன்டிகனி'யை எடுத்திருக்கிறார்கள். வசனத்தைப் பார்த்துத் தரச்சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். நாலு சாயங்காலம் போனேன். கி.மு. 441 வாக்கில் ஏதென்சில் மேடையேறிய நாடகம். தீப்ஸ் நகரத்தின் மேல் படையெடுத்து வந்து செத்த பாலினைசசை யாரும் புதைக்கக் கூடாது, நாயும் பறவையும் தின்னட்டும் என்று ராஜா கிரியோன் ஆணை போடுகிறான். கூடப்பிறந்த ஆன்டிகனி மீறி மண் போடுகிறாள். உயிரோடு குகையில் அடைக்கிறான். அவள் தூக்குப் போட்டுக்கொள்கிறாள்.

பிணத்துக்கு மண் மறுக்கிற கதை. இதை எந்த மண்ணில் நின்று ஒத்திகை பார்க்கிறோம்? 2019 ஆகஸ்டில், அன்றைய வேலூர் மாவட்டம் வாணியம்பாடி பக்கம், சுடுகாட்டுக்குப் போகிற வழியை நிலக்காரர்கள் விடாததால் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஒரு தலித்தின் உடலைக் கயிறு கட்டி இறக்கினார்கள். நாடே பார்த்தது. உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து கேள்வி கேட்டது. நம்மூர்க் கிரியோனுக்குக் கிரீடம் கிடையாது, பட்டா இருக்கிறது.

ஒத்திகையில் பேராசிரியர் பயிற்சி கொடுத்தார். புதைக்க முடியாத ஒரு உடலை நினைத்துப் பாருங்கள் என்றார். ஒரு பெண் செத்துப்போன தன் நாய்க்குட்டியைச் சொன்னாள். அவளைக் குறை சொல்லவில்லை, அவள் பார்த்த சாவு அது. காவலாளி வேஷத்துப் பையன் மட்டும் கண்ணை மூடவேயில்லை. ஏன்டா என்றதுக்கு, "எங்கப்பா வெட்டியான் வேல பாக்குறாரு சார். நான் தனியா நெனைக்க இன்னா இருக்கு" என்றான். "சாதியக் கொண்டு வராதப்பா, இது உலகப் பொதுவான நாடகம்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்தவனிடம் போய்விட்டார்.

உலகப் பொது! அந்தப் பொதுவுக்குள் காவலாளி வேஷம் எப்படி அளந்தெடுத்த மாதிரி இவனுக்கு வந்தது? 'பேச்சுவழக்கு இயல்பா வருது' என்பது சொல்லப்பட்ட காரணம். கிரியோனுக்குச் செந்தமிழ், ஆன்டிகனிக்குச் செந்தமிழ், காவலாளிக்கு மட்டும் எங்கள் சேரிப் பேச்சு. அவன் வாயைத் திறந்தால் சபை சிரிக்க வேண்டும். (எம்.ஏ. தமிழ் வகுப்பில் எனக்கும் இந்த இலக்கணத்தைத்தான் ஊட்டினார்கள். அதற்குப் பெயர் உயர்ந்தோர் வழக்கு.)

பிரதியை ஒழுங்காகப் படித்திருந்தவன் அந்தப் பையன்தான். பிணத்தின் மேல் கிடந்த புழுதியைக் காவலாளிகள் கூட்டித் தள்ளுகிறார்கள். உடம்பு அழுகி ஒழுகுகிறது. நாற்றம் அடிக்காத பக்கமாக மேட்டில் போய்க் குந்துகிறார்கள். அதற்கு முன்னால், ராஜாவிடம் சேதி சொல்ல யார் போவது என்று சீட்டுப் போட்டதில் இவன் மாட்டுகிறான். மண் போட்டவனைப் பிடித்து வராவிட்டால் உயிரோடு தொங்கவிடுவேன் என்கிறான் ராஜா. "இதுல சிரிப்பு எங்கண்ணா வருது?" என்று என்னைக் கேட்டான். பிணத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தவனுக்குச் சோபாக்ளிஸ் பேர்கூட வைக்கவில்லை.

ஆன்டிகனியாக நடிக்கிறவளும் காலனிப் பெண்தான். குரல் அப்படி, மறுக்க முடியவில்லை. அவள் ஒரே இடத்தில் நின்று நின்று போனாள். செத்தவன் ஒன்றும் அடிமையில்லை, தன்னோடு பிறந்தவன் என்று ஆன்டிகனி கிரியோனிடம் நியாயம் பேசுகிற இடம். "அடிமையா இருந்தா நாய் தின்னலாமாண்ணா?" என்றாள். விஷயம் பேராசிரியர் காதுக்குப் போனது. மறுநாள் அந்த வசனத்தையே வெட்டிவிட்டார். முற்போக்காம்.

நம் தோழர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அரசை எதிர்த்த கலகக்காரி என்று ஆன்டிகனியைத் தலையில் வைத்து ஆடுகிறார்கள். கலகக்காரிதான். ராஜா வீட்டுக் கலகக்காரி. அடிமைகளின் உழைப்பில் தின்ற ஊரில் எழுதப்பட்ட நாடகத்தில் அந்த வசனம் இருப்பதுதான் நேர்மை. அதை வெட்டினால் சோபாக்ளிஸ் சுத்தமாகிவிடுவான், எங்கள் பெண்ணின் கேள்விதான் காணாமல் போகும்.

நிறவெறி ஆட்சியில் ராபன் தீவுச் சிறைக்குள் கைதிகள் இதே நாடகத்தைப் போட்டார்கள். மண்டேலா ஏற்ற வேஷம் கிரியோன். 1973இல் அத்தோல் ஃபுகார்ட், ஜான் கனி, வின்ஸ்டன் ந்ட்ஷோனா மூவரும் சேர்ந்து ஆக்கிய 'தீவு' நாடகத்தில், ஒரே கொட்டடியில் கிடக்கும் இரண்டு கைதிகள் ஆன்டிகனிக்கு ஒத்திகை பார்க்கிறார்கள். பெண் வேஷம் போட்டால் சிரிப்பார்கள் என்று ஒருத்தன் முரண்டு பிடிக்கிறான். யார் எந்த வேஷம் போடுவது என்பதே அங்கே சண்டைக்குரிய அரசியல். இங்கே அது பேராசிரியரின் 'கலை முடிவு'.

வேஷத்தை மாற்றுங்கள். வெட்டியான் மகன் கிரியோனாக ஆணை போடட்டும், செந்தமிழில். நிலக்காரர் வீட்டுப் பிள்ளை புழுதியைக் கூட்டட்டும், மூக்கைப் பொத்திக்கொண்டு மேட்டில் குந்தட்டும். வெட்டின வசனத்தைத் திரும்பப் போடுங்கள். ஆன்டிகனி அதைப் பேசும்போது மேடையில் காவலாளி கிடையாது. முன்னாடியே ராஜா அவனைப் போகச் சொல்லிவிடுகிறான். நம் மேடையில் அவன் போகவேண்டாம். நின்று, அவள் பேசுவதைக் கேட்கட்டும்.